முன்வரிசை

கொம்தார் மூன்றாம் மாடியில்
பதினோரு வெள்ளி தொண்ணூறு காசுக்குக்
கறுப்பு உதட்டுச்சாயம் ஒன்று.
தர்வினா ஐந்து வெள்ளி, நான் நான்கு,
மீதியைச் சில்லறையாக எண்ணி வைத்தான் கபிலேஷ்.
உதடு மூன்று ஜோடி, குச்சி ஒன்று.
இந்த மாதம் யாருக்கும் சளி பிடிக்கக் கூடாது
என்று சட்டம் போட்டோம்.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, பதினான்காம் தளம்.
தர்வினா வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில்
ஒரே நேரத்தில் ஒன்றரை முகம்தான் கொள்ளும்.
மற்றவர் வாளியைக் கவிழ்த்து
மேலே ஏறி எட்டிப் பார்க்க வேண்டும்.

காணொளியில் அந்தப் பெண்
எங்கோ பனி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு
மூன்றே நிமிடத்தில் பிணமாகிறாள்,
அழகான பிணம்.
'உங்கள் தோலைவிட
இரண்டு படி வெளுப்பாகப் பூசுங்கள்' என்கிறாள்.
அவளுக்கு இரண்டு படி.
எங்களுக்குப் பத்து மாடி,
லிஃப்டும் பழுது.

இருந்தாலும் பூசிப் பார்த்தேன்.
பேயாகவில்லை.
தைப்பூசத்துக்கு ஐந்து மாதம் இருக்கையிலேயே
விபூதித் தட்டில் குப்புற விழுந்தவள் ஆனேன்.
கபிலேஷ் சிரித்த சிரிப்பில்
அவன் கண்கோடு நெற்றிக்கு ஓடியது.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
இடது இமையில் வால் தானாக வந்துவிடும்.
வலதில் வராது.
வலதைத் திருத்தினால் தடிக்கும்,
அதற்கு ஈடாக இடதைத் தடித்தால்
வலது இன்னும் கொஞ்சம் கேட்கும்.
இரண்டும் ஏலம் கேட்டுக் கேட்டுப்
புருவத்தில் போய் முட்டின.
'இப்படித்தான் வரணும்' என்றாள் தர்வினா.
அவளுக்கு இதில்
மூன்று வார அனுபவம்.

வெள்ளையைக் கழுவினோம்.
கறுப்பு மட்டும்
எதுவும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டது.

பிறகு பசித்தது.

பதினான்கு மாடி இறங்குவதற்குள்
பாதி மை கன்னத்துக்கு வந்திருந்தது.
கீழே திடலில் மேடை, விளக்கு, பாட்டு.
ஆளுயர ஊதுபத்திகளின் புகை.
அது சீனர்களின் ஏழாம் மாதம் என்பது
மூவருக்கும் நினைவில்லை.
காகிதத்தில் கட்டிய பேயரசர் நின்றிருந்தார்:
நீல முகம், பிதுங்கிய விழி.
அவருடைய இரண்டு கண்கோடும் ஒரே அளவு.
பொறாமையாக இருந்தது.

கூட்டம் நெரிந்தது, ஆனால்
முன்வரிசைச் சிவப்பு நாற்காலிகள்
அத்தனையும் காலி.
நல்ல நேரம்தான் என்று உட்கார்ந்தோம்.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.
வெள்ளை பனியன் போட்ட அங்கிள் ஒருவர்
விரட்டுவதற்குக் கை ஓங்கியபடி வந்தார்.
எங்கள் முகத்தைப் பார்த்ததும்
கை பாதியில் நின்றது.
மேடையில் பாட்டுக்காரிகூட
ஒரு வரியை விட்டுவிட்டாள்.

'இது அவர்கள் இடம்' என்றார் மலாயில்,
பக்கத்து நாற்காலியில் தூங்குகிறவரை
எழுப்பிவிடாத குரலில்.
பிறகு இன்னும் மெதுவாக,
'நீங்கள்...'
கேள்வியை முடிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.
'பெலும் லாகி, அங்கிள்' என்றான் கபிலேஷ்.
இன்னும் இல்லை.

அவர் சிரிக்கவில்லை.
நாங்கள் எழுந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போய்
நின்றுகொண்டே சோளம் தின்றோம்.
உதடு போன இடமெல்லாம் கறுப்புச் சோளம்.

கபிலேஷ் வீட்டுக்குப் போகும் முன்
சமையல் எண்ணெயில் துடைத்தான்.
இமையோரத்தில் கொஞ்சம் மிஞ்சியதை
'தூசி விழுந்திடுச்சு' என்றானாம்.
அவன் அம்மா ஊதிவிட்டார்களாம்,
இரண்டு கண்ணிலும், நெடுநேரம்.

திங்கட்கிழமை ஒழுங்கு ஆசிரியர்
என் நக இடுக்கைப் பார்த்து
'என்ன இது?' என்றார்.
'மை, சார்.'
பொய் இல்லை.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
அந்த நாற்காலியை விட்டு எழுந்தபோது
முதுகுச் சாய்வில் என் ஐந்து விரலும்
கறுப்பாகப் பதிந்திருந்தன.
துடைக்கக் கை போனது.
துடைக்கவில்லை.
அதற்குப் பிறகு அங்கே வந்து உட்கார்ந்தவர்
யாராக இருந்தாலும்
சட்டையில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.